கண் வைக்காத அம்மன்

சென்னையிலிருந்து வந்த பத்மாசனி இலங்கையில், மாத்தளையில் ஓவியக்கூடம் திறந்து ஏழு வருடமாயிற்று. தம்புள்ளைக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி, தேயிலை பறித்தபடி சிரிக்கும் கொழுந்துக்காரிகளின் படங்களை வாங்கிப் போனார்கள். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு பஸ் நிற்கவில்லை. பெயர்ப்பலகையிலிருந்த தமிழை அவளே அழித்துப் பார்த்தாள். அப்போதும் நிற்கவில்லை. இந்த மாதமும் ஒன்றும் விற்காவிட்டால் கூடத்தை மூடிவிட்டுச் சென்னையில் அண்ணன் வீட்டில் போய் இருக்க வேண்டியதுதான். அண்ணி சிரிப்பாள்.

அப்போதுதான் தூதரகத்துத் துரை ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். கொழுந்துக்காரிகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்சுவரில் காய்ந்துகொண்டிருந்த அம்மன் முன்னால் நின்றுவிட்டார். அம்மனுக்குக் கண் இல்லை.

"இந்த நாட்டின் துயரம் முழுவதும் இதில் இருக்கிறது" என்றார்.

இருப்பதாகப் பத்மாசனியும் சொன்னாள். சனிக்கிழமை வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு.

வரைந்தவன் கூடத்துக்குக் கொழுந்துக்காரிகளை வரைந்து தரும் செல்லச்சாமி. ரிவர்ஸ்டன் மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயிலுக்கான படம். அங்கே பனியில் சாயம் காயாதென்று இங்கே மாட்டியிருந்தான். வியாழக்கிழமை வந்தான்.

"நாளைக்குக் காலையில கண்ணு தொறக்கணும்ங்க அம்மா. பூசாரி நேரம் குறிச்சிட்டாரு."

"கண்ணே வேண்டாம்ப்பா. கண்ணில்லாததுதான் இதோட தத்துவம்."

"தத்துவமில்லீங்க. வேல முடியல."

"கோயிலுக்கு வேற ஒண்ணு வரைஞ்சு குடுத்துடேன்."

"அம்மன குருடியா சீமைக்கு அனுப்பச் சொல்றீங்களா? எம் புள்ளைங்க நல்லா இருக்க வேணாமா?"

அவள் அண்ணியைப் பற்றிச் சொன்னாள். செல்லச்சாமி தலையைச் சொறிந்தான்.

"சாமிக்குத்தாங்க குத்தம். மனுசருக்குக் கண்ணு வைக்காட்டி ஒண்ணுமில்ல. சனிக்கெழமைக்கு வேறொண்ணு தாரேன்."

வெள்ளிக்கிழமை அம்மன் கண் திறந்து லொறியேறிப் போனாள். மறுநாள் அதே சுவரில் வேறொருத்தி: அரக்குப் பட்டு, மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, கையில் சாவிக்கொத்து, பின்னால் பாதி அழித்த பெயர்ப்பலகை. கண் இல்லை.

துரை நெடுநேரம் பார்த்தார். அதைவிட இது ஆழம் என்றார். வாங்கினார். அவருடைய சாரதி படத்தைப் பார்த்தான், பத்மாசனியைப் பார்த்தான், இருமிக்கொண்டு வெளியே போனான். பக்கத்துப் புடவைக்கடை ஸரீனா எட்டிப் பார்த்துவிட்டு முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கார் போனதும் பத்மாசனி மூக்குத்தியைத் திருகியபடி கேட்டாள்.

"யாருப்பா அந்தப் பொம்பளை?"

"தெரிஞ்சவங்கதாம்மா."

"முகத்துல ஒரு களையும் இல்லை. அதனாலென்ன, இவளையே இன்னும் பத்துப் போடு."