டென்னிஸ் ஆடாத கை

அறுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்கு முன்னால், வீட்டிலிருந்த ஜமுக்காளங்களை எல்லாம் கண்மாய்க்குக் கொண்டுபோய் ஒருத்தியாகவே துவைத்துப் பிழிந்தேன். வீம்புக்குத்தான். கல்லலில் இருந்து வந்த மருமகள் கெட்டிக்காரி என்று அமராவதிபுதூர் சொல்ல வேண்டுமாம். ஊர் ஒன்றும் சொல்லவில்லை. என் வலது முழங்கைதான் சொன்னது.

முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஆரம்பித்த வலி, சொம்பைப் பிடித்தால் மணிக்கட்டு வரை இறங்கியது. குழம்பு அள்ள முடியவில்லை. துணி பிழியப் போனால் உயிர் போனது. ஆனால் வீக்கம் துளிகூட இல்லை. அதுதான் வினையாகிவிட்டது. வெறும் சுளுக்கு என்றார்கள். கால் முதலில் வந்து பிறந்தவர்கள் நீவினால் சுளுக்கு ஓடிவிடும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அப்படிப் பிறந்த பெத்தன் என்பவர் வந்து, எண்ணெய் போட்டு, பழி தீர்ப்பதுபோல் நீவினார். மறுநாள் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

என் மாமியார் பொன்னுத்தாயி அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். வீங்காத கையில் என்ன வலி, இது வேலைக்குப் பயந்த வலி, சரியாகிற வரை கல்லலில் தாய்வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, என் அப்பாவுக்கும் ஆள் அனுப்பிவிட்டார். எதிர்வீட்டு மருமகள் மலையம்மாளும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் தாய்வீடு போனாள். வருஷக்கணக்காகியும் அவளை அழைத்துவர யாரும் போகவில்லை.

என் கணவர் கருத்தையா என்னைக் காரைக்குடிக்கு பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு நாற்காலியைக் காட்டி, உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துத் தூக்கச் சொன்னார். கத்திவிட்டேன். உள்ளங்கையை மேலே திருப்பித் தூக்கச் சொன்னார். தூக்கிவிட்டேன். மணிக்கட்டை நிமிர்த்தும் சதை முழங்கை எலும்போடு சேரும் இடத்தில் நார் நைந்திருக்கிறது, சுளுக்கே இல்லை, அழுத்தி நீவக் கூடாது என்றார். டென்னிஸ் முழங்கை என்று பெயராம். அந்தப் பந்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றேன். ஜமுக்காளமே போதும் என்று சிரித்தார். நான் சொல்வது பொய்யில்லை என்று ஒருவர் சொல்லிவிட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.

சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும், எதைத் தூக்கினாலும் உள்ளங்கை மேலே இருக்க வேண்டும், பிழிவதும் தண்ணீர் இறைப்பதும் மாதக்கணக்கில் கூடாது, வலி தணிந்தபிறகு கொஞ்சங்கொஞ்சமாகக் கையைப் பழக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அதுவரை பிழிவது யார்? மறுநாள் கருத்தையா என் சேலைகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு, பட்டப்பகலில் கண்மாய்க்குப் போனார். பெண்டாட்டி சேலையைத் துவைக்கிறான் என்று ஊரே சிரித்தது. மனிதர் மீசையைத் தடவிக்கொண்டு அடுத்த நாளும் போனார். நான் லேசில் யாரையும் மெச்சமாட்டேன். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் காணாது.

மாமியார் மகனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒருநாள் கூடையில் என் சேலைக்கு அடியில் மாமியாரின் சேலை சுருண்டு கிடந்தது. கருத்தையா அதையும் சேர்த்து எடுத்துப்போய்விட்டார். என் வாய் சும்மா இருக்குமா?

"வேலைக்குப் பயந்த வலி உங்களுக்கும் வந்திருச்சா, அயித்தை?"

மாமியார் கோபப்படவில்லை. வலது கையை நீட்டி, எனக்கு வலிக்கிற அதே இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இவன் தொட்டில்ல கெடக்கையிலயே வந்துச்சு. போகும், திரும்ப வரும். கைன்னா வலிக்கத்தான் செய்யும்னு இருந்துட்டேன். என்ன ஏதுன்னு கேக்க எனக்கு ஆளில்லத்தா."

அத்தனை நாளாக எனக்குள் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அடுப்பில் தண்ணீரைக் கூடுதலாக வைத்தேன்.

அந்த வாரமே அப்பா என்னை அழைத்துப்போகக் கல்லலில் இருந்து வந்துவிட்டார். நான் பெட்டியைத் தொடவில்லை, மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கூட்டிட்டுப் போகாதீக அண்ணே," என்றார் மாமியார். "அவ கை இங்கனயே தேறட்டும். ஒத்தடத்துக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சட்டித் தண்ணிதான்."

ஆவணியில் என் கை தேறியது. பழைய வலியாயிற்றே, அயித்தைக்கு மழைக்காலமும் கழிய வேண்டியிருந்தது. அதுவரை அவர் சேலையை, கருத்தையாவோடு போட்டி போட்டுக்கொண்டு நான்தான் பிழிந்தேன்.