சிவப்புப் புள்ளி வைத்த மோட்டார்

1

இந்தக் கதை ஒரு நகப்பூச்சு பாட்டிலில் தொடங்கியது. எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான். ஆனால் அந்தப் பாட்டில் இன்னும் என் மேஜைமேல் இருக்கிறது.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் சென்ட்ரல் ஏ.சி.; காற்றைத் தள்ளும் மோட்டார் மட்டும் வீட்டுக்கு வீடு தனி. சித்திரை பிறந்ததும் எங்கள் வீட்டில் காற்று நின்றது. கம்பெனி ஆள் மொத்தத்தையும் மாற்றச் சொன்னார். நம்பவில்லை. வழக்கமாக சர்வீஸ் செய்யும் திருவல்லிக்கேணி வாஜித், "மோட்டார் மட்டும்தான் பூடுச்சு சார். காயில் கட்டிக்கலாம். மிச்சமெல்லாம் நல்லாத்தான் கீது" என்றார். இவரை அதைவிட நம்பவில்லை. குறைந்த செலவில் முடியும் என்று ஒருவர் வலியச் சொன்னால், அதில் ஏதோ இருக்கிறது.

2

[மெக்கானிக்குகளின் கண்களில் எப்போதும் ஒரு — ]

வேண்டாம். வாஜித்தின் கண்களை நான் பார்த்ததே இல்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கழற்றிய மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டு அவர் கை கழுவப் போனார். கடைக்குப் போய் இதே மோட்டார்தான் திரும்பி வருகிறதா என்று தெரிய, அதன் பெயர்த்தகட்டுக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன்.*

(* என் மனைவி ஷண்முகப்ரியாவின் நகப்பூச்சு. கேட்காமல் எடுத்தேன். இந்தக் கதையில் நிரூபணமான திருட்டு இது ஒன்றுதான்.)

3

இரண்டு நாள் கழித்து, நான் வெளியே போயிருந்தபோது வாஜித் மோட்டாரை மாட்டிவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பளபளவென்று புது பெயிண்ட். புள்ளியைக் காணோம்.

முதல் வரைவு இங்கேயே முடிந்தது: வாஜித் திருடன். கச்சிதமான முடிவு. ஒரு கதையைப் பத்து முறை திருத்துகிறவன், குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறைகூடத் திருத்தாமல் அனுப்பினேன்: "வாஜித் எங்கள் மோட்டாரை மாற்றிவிட்டார். எல்லோரும் ஜாக்கிரதை."

மறுநாள் காலை செயலாளர் ரகுபதி, வாஜித்தை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டார். இந்தக் கட்டடத்தில் வாஜித்துக்குப் பதினோரு வீட்டு வேலை. கோடை வேலையை வைத்துத்தான் அவர் வருஷத்தை ஓட்டுகிறார்.

4

[வாஜித் கோபத்துடன் கேட்டைத் தள்ளிக்கொண்டு — ]

இல்லை. கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் அந்த மெசேஜை அவரிடம் காட்டியிருக்கிறார்.

"இன்னா சார், மோட்டாருக்கு மேல்பக்கம் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"மாட்டுனா பேர்த்தகடு மேல்பக்கம் பூடும். உங்க சிவப்புப் புள்ளி அங்கதான் கீது. அன்னிக்கே பாத்துட்டேன். காயில் கட்டுற கடையில மோட்டாருக்கு பெயிண்ட் அடிச்சுதான் குடுப்பாங்கோ. அந்தப் புள்ளி மேல மட்டும் அடிக்காதன்னு சொல்லி வுட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எல்லா ஊட்லயும் வெப்பாங்க சார். பேனால கோடு, ஸ்டிக்கரு, பொட்டு. நாங்களும் அழியாம எடுத்தாந்து குடுப்போம். கேட்டா உங்களுக்குத்தான சங்கடம்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

5

மறுபடி ஏணியில் ஏறி, மோட்டாருக்கு மேலே கையை நீட்டி போனில் படம் எடுத்தேன். புது பெயிண்டுக்கு நடுவே, காசளவு பழைய துருவில், என் புள்ளி.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் என் புத்தி யோசித்தது: புள்ளியைப் பார்த்தவர் வேறு மோட்டாரில் அதேபோல் ஒன்று வைத்திருக்கலாமே? நிறம் ஒத்துப்போகிறதா என்று பாட்டிலைப் படத்தின் அருகே பிடித்துப் பார்த்தேன்.

ஷண்முகப்ரியா சொன்னாள்: "அந்த பாட்டில் என்னோடதுதானான்னும் ஒரு தடவை பாத்துக்கோங்க."

6

வாசகரே, வாஜித் நல்லவரா என்பதை வழக்கம்போல் உங்களிடம் விட்டுவிடத்தான் நினைத்திருந்தேன். கதையை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். குழுவில் நான்கு நாளாக அனுப்பாமல் கிடக்கும் இந்த வரியை மட்டும் உங்களால் முடிக்க முடியாது:

[வாஜித் பற்றி நான் எழுதியது — ]

அதை எழுத உட்கார்ந்துதான் இந்தக் கதையை எழுதினேன். வாஜித் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்.