ரேடியோ ஐயாவின் ஐந்தாம் தொகுதி

பாஸ்டர் இறந்த பிறகு, புதிதாக வந்த பாஸ்டருக்குச் சபை வீடு தேவைப்பட்டது. பாஸ்டரம்மாவை யாரும் வாய்விட்டுப் போகச் சொல்லவில்லை. புதியவரின் மனைவி மட்டும் திரைச்சீலைக்கு என்று இரண்டு தடவை வந்து ஜன்னல்களை அளந்துகொண்டு போனாள். அவள் மறுபடியும் வருவதற்குள் பாஸ்டரம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாத்தனார் தையல்காரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முன்னறையில் மெஷினும் வெட்டுத் துணிகளும், பின்னறையில் ஒரு கட்டில். இன்னொரு கட்டிலை நெருக்கிப் போட்டாள். "அண்ணன் இருந்திருந்தா அவரையும் சேர்த்துத்தான் கூட்டிட்டு வந்திருப்பேன். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க அண்ணி" என்றாள். பாஸ்டரம்மாவால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சும்மா உட்கார்ந்து சாப்பிடுவது தொண்டையில் நின்றது.

துணி தைக்க வந்த ஒரு பெண்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒரு பதிப்பகம் ரேடியோ ஐயாவின் பிரசங்கங்களைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் போடுகிறது, சந்தா பிடிக்க வீடு வீடாகப் போகிற ஏஜெண்டுகள் தேவை என்று. ரேடியோ ஐயாவைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தத் தெருவில் நடந்தாலும் நாலு ஜன்னலிலிருந்தாவது அந்தக் கரகரத்த குரல் கேட்கும்.

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாஸ்டரோட சம்சாரமா? அப்ப கதவு தானா திறக்கும்" என்றார். அன்றைக்கே வேலை கொடுத்தார்.

தோள்பை ஒன்று, அதற்குள் மாதிரிப் புத்தகம். முதல் சில தொகுதிகளிலிருந்து கொஞ்சம் பக்கங்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். பின்னட்டையின் உள்பக்கத்தில் துணி பைண்டிங் ஒன்று, தோல் பைண்டிங் ஒன்று என இரண்டு துண்டுகள் ஒட்டியிருந்தன. வாங்குகிறவர் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். கடைசிப் பக்கங்கள் கையெழுத்துக்கு. "முதல் கையெழுத்து மதிப்பான ஆளோடதா இருக்கணும்மா. மத்தவங்க அதைப் பார்த்துட்டுத்தான் பேனாவை எடுப்பாங்க" என்று மேனேஜர் சொல்லிக்கொடுத்தார்.

மதிப்பான ஆள் என்றால் அவளுக்குச் சபைச் செயலாளர்தான் ஞாபகம் வந்தார். மருந்துக்கடைக்காரர். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தாள். "இவரை மாதிரி ஒரு பிரசங்கி நம்ம காலத்துல இல்லைங்க" என்றாள். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, பேனாவை எடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பழைய சபையில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். ரேடியோ ஐயாவுக்காக இல்லை, தனக்காக என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இரக்கம்தான். வாங்கிக்கொண்டாள்.

தெரிந்தவர்கள் தீர்ந்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. முன்பின் தெரியாத தெருக்கள், உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டு மறுபடி சாத்திக்கொள்ளும் கதவுகள். கம்பெனி சொல்லிக்கொடுத்த பேச்சு பாதியிலேயே செத்துப்போகும். ஒரு வீட்டில், சமீபத்தில் கணவனைப் பறிகொடுத்த பெண் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கடவுள் பேரைச் சொல்லிக்கிட்டு இந்தப் படி ஏறாதீங்க. எனக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

பாஸ்டரம்மா யோசித்துப் பேசவில்லை. வாயில் வந்தது. "எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். எங்க பொண்ணைப் புதைச்சிட்டு வந்த வாரம், பிரசங்க மேடையில நின்னுக்கிட்டுச் சொன்னார்."

அவர்களுக்கு ஒரே பெண். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். இருட்டென்றால் பயம் அவளுக்கு. தூங்கும்வரை நடைவழி விளக்கு எரிய வேண்டும். புதைத்துவிட்டு வந்த அன்று மாலை பாஸ்டரின் கை தானாகவே அந்த ஸ்விட்சுக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சபையில் அதைச் சொன்னார். "எனக்கும் கடவுளுக்கும் இப்போ பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அவர் வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். கோவிச்சுக்கிட்டுப் போக எனக்கு வேற வீடு இல்லை."

வாசலில் நின்ற பெண் வழிவிட்டாள். அன்று இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவளே கேட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு பாஸ்டரம்மா கம்பெனிப் பேச்சை விட்டுவிட்டாள். பாஸ்டரின் பிரசங்கங்கள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் காகிதத்தைத் தொடவே மாட்டார். சனிக்கிழமைகளில் அவள் பாத்திரம் கழுவ, அவர் துடைத்து வைத்துக்கொண்டே மறுநாள் பேச வேண்டியதைப் பேசிப் பார்ப்பார். "இந்த இடம் இழுக்குது" என்பாள். வெட்டிவிடுவார். "இது புரியலை" என்பாள். மாற்றுவார். இப்போது அந்தந்த வீட்டுக் கஷ்டத்துக்கு ஏற்றதை எடுத்துச் சொன்னாள். சந்தாக்கள் குவிந்தன.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். "மத்த ஏஜெண்டெல்லாம் நாய் படாத பாடு படறாங்க. நீங்க அப்படி என்னதான் சொல்றீங்க?"

சொன்னாள். நடைவழி விளக்கைக் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதி வெச்சிருக்காரா?"

"இல்லைங்க. எல்லாம் எனக்கு மனசுல இருக்கு."

"அப்ப நீங்க சொல்லுங்க, டைப்பிஸ்ட் எடுத்துக்கட்டும். மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுக்க உதவும். பின்னாடி பாஸ்டர் பேர்லயே தனியா ஒரு புத்தகம் போட்டாலும் போடலாம், யார் கண்டா?"

அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. மழைக்காலம் முழுக்க, வெளியே போக முடியாத நாட்களில் எல்லாம், பைண்டிங் அறையின் பசை நாற்றம் வரும் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் பெண் அடித்தாள். விளக்குப் பிரசங்கத்தில் அந்தப் பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன. "கொஞ்சம் இருங்க அக்கா" என்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தாள். பாஸ்டரம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. மனிதர் மறுபடியும் பேசுகிறார் என்று தோன்றியது.

நாத்தனாரிடம் சொன்னாள். அன்றிலிருந்து நாத்தனார் துணி அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம், வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே, "எங்க அண்ணன் புத்தகம் வரப் போகுது" என்று சொல்ல ஆரம்பித்தாள்.

ஐந்தாம் தொகுதி வந்தபோது பாஸ்டரம்மா வழக்கம்போல் புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போனாள். ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் வீட்டில், "கண்ணு மங்கிடுச்சும்மா. ஒரு பக்கம் படிச்சுக் காட்டிட்டுப் போங்க" என்று கேட்டார். கைக்கு வந்த பக்கத்தைப் பிரித்துப் படித்தாள். சில வரிகள் போனதும் கண்ணுக்கு முன்னால் வாய் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தைத் திருப்புவதற்குள் வாக்கியத்தை முடித்துவிட்டாள். திருப்பிப் பார்த்தாள். அதே வார்த்தைகள் அங்கே அச்சில் இருந்தன. நடைவழி மட்டும் மாடிப்படி ஆகியிருந்தது. 'என் மகள் இருட்டுக்கு அஞ்சுவாள்' என்று ரேடியோ ஐயா எழுதியிருந்தார். பக்கத்தின் மேலே அவர் படம்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் டிரைவர். "பாவம், அந்த மனுஷனுக்குப் பொண்ணு தவறிப் போச்சா? எனக்குத் தெரியவே தெரியாது."

அவள் மிச்சக் கட்டோடு நேராக ஆபீசுக்குப் போனாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்ல ஆசைதான். அப்படியெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. அவர் டீ வரவழைத்தார்.

"பன்னிரண்டு தொகுதின்னு அறிவிச்சுட்டோம். ஐயா கொடுத்தது நாலுலயே தீர்ந்துபோச்சு. சந்தா கட்டினவங்களுக்கு நாம பதில் சொல்லணுமில்லையா? பிரசங்கம் என்ன வீடா நிலமா, பட்டா போட்டு வெச்சுக்க? ஆண்டவரோட வார்த்தை. யார் வாயில வந்தா என்ன?"

"அப்ப என் வீட்டுக்காரர் பேரைப் போட்டிருக்கலாமே."

"போட்டா யார் வாங்குவா?" என்றார் மேனேஜர். கேலியாகச் சொல்லவில்லை; அவளுக்கும் பதில் தெரியுமே என்பதுபோல் சொன்னார்.

ரேடியோ ஐயாவைப் பார்க்க அவர் பேசும் ஒரு கூட்டத்துக்குப் போய், மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் காத்திருந்தாள். அவர் வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார்.

"நான் பேசறவன்மா. புத்தக வேலையெல்லாம் ஆபீஸ் பார்த்துக்குது. எதுல என்ன வந்திருக்குன்னு எனக்கே தெரியாது."

"ஐயாவுக்குப் பொண்ணு உண்டா?"

"ரெண்டும் பையன்கள். ஆண்டவர் கிருபையில நல்லா இருக்காங்க."

"புத்தகத்துல உங்க பொண்ணு செத்துப் போயிருக்கா."

அவர் உப்புத்தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "உவமைன்னு வெச்சுக்கங்க" என்றார் பிறகு. "உங்க வீட்டுக்காரரோட வார்த்தை எத்தனையோ வீட்டுக்குப் போய்ச் சேருது. அவர் இருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்." ஜெபிக்கலாமா என்று கேட்டு அவள் தலைமேல் கை வைத்தார். பழக்கதோஷம், அவளும் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே வந்த பிறகுதான் அது உறைத்தது. தெருமுனை வரைக்கும் தன்னையே திட்டிக்கொண்டு நடந்தாள்.

டைப்பிஸ்ட் பெண்ணிடம் போனாள். "நான் அடிச்சது நிஜம்தான் அக்கா. ஆனா எங்க வீட்டுல வேலைக்குப் போறது நான் ஒருத்திதான்" என்றாள் அவள், கண்ணைப் பார்க்காமல்.

இனி இருப்பது பழைய சபைதான். பெண்ணைப் புதைத்த வாரம், அந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். செயலாளர் வீட்டுக்குப் போனபோது, ஐந்தாம் தொகுதி மேஜைமேல் இருந்தது. நடுவில் ஒரு மருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகியிருந்தது.

"படிச்சீங்களா?" என்றாள்.

"படிச்சோம்மா. எல்லாரும் படிச்சோம்." அவர் குரல் இறங்கியிருந்தது. "உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருந்தோம். நீங்க மனசைப் போட்டு குழப்பிக்காதீங்க. பாஸ்டர் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவளுக்குப் புரியவில்லை. "அவர் என்ன செஞ்சார்?"

"முன்னுரையில போட்டிருக்கே, முப்பது வருஷமாப் பேசின பிரசங்கங்கள்னு. நம்ம பாஸ்டர் இந்தச் சபைக்கு வந்ததே ஐயா பேச ஆரம்பிச்சு எவ்வளவோ பின்னாடி. அந்த விளக்கு மட்டுமில்ல, இதுல ஏழெட்டு நாங்க அவர் வாயால கேட்டதுதான். எங்கேயாவது ரேடியோவுல கேட்டு மனசுல வாங்கியிருப்பார். ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்லை."

"அது என் பொண்ணு. பெட்டியை ஒரு பக்கம் நீங்கதான் பிடிச்சீங்க."

"பொண்ணு போனது நிஜம். யார் இல்லேன்னா? அந்த நேரத்துல மனுஷனுக்குச் சொந்தமா வார்த்தை எங்கேருந்து வரும்? ஆனா அழுதுக்கிட்டே சொன்னாரே, அதுதான் எங்களுக்குக் கொஞ்சம்..." அவர் முடிக்கவில்லை.

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். மழைக்காலம், டைப்பிஸ்ட், மேனேஜர் சொன்னது. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இவரை மாதிரி ஒரு பிரசங்கி நம்ம காலத்துல இல்லைன்னு இந்த நாற்காலியில உட்கார்ந்துதானேம்மா சொன்னீங்க?" என்றார். "நாங்க மன்னிச்சிட்டோம். போனவரைப் பத்தி இனி யாரும் பேச மாட்டாங்க. நீங்களும் விட்டுடுங்க."

சொன்னபடி யாரும் பேசவில்லை. சபைச் சுவரில் பாஸ்டர் பெயரில் ஒரு கல் பதிப்பதாக இருந்தார்கள். அதைப் பற்றியும் பேசவில்லை. தைத்த துணி வாங்க வந்த ஒரு பெண்தான், பாஸ்டரைச் சபை மன்னித்துவிட்டதை நாத்தனாரிடம் ஆறுதல்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

நாத்தனார் சத்தம் போடவில்லை. வெட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "திருடன்னு சொல்றாங்க அண்ணி. எங்க அண்ணனை" என்றாள்.

"நான் என்ன பண்ணுவேன்? என்னை ஏமாத்திட்டாங்க."

"அவரு வாயில இருந்ததை எடுத்து நீங்கதான் அவங்க வாயில ஊட்டினீங்க. உங்களைத் தவிர வேற யாராலயும் அது முடிஞ்சிருக்காது."

பாஸ்டரம்மா தோள்பையையும் மாதிரிப் புத்தகத்தையும் ஆபீசில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். மேனேஜர் கோபப்படவில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்றார். அவருக்கு என்ன, மழைக்காலத்தில் அவள் சொன்னதே பன்னிரண்டாம் தொகுதி வரைக்கும் வரும். அவள் ஒரு விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு கட்டில்களும் அதே பின்னறையில்தான் கிடந்தன. நாத்தனார் சாப்பாட்டை மூடிவைப்பாள், கதவைத் திறந்துவிடுவாள். பேச்சு மட்டும் குறைந்துபோயிற்று.

அவளைப் பயமுறுத்தியது வேறொன்று. விடுதியில் பாத்திரம் தேய்க்கும்போது பழைய ஞாபகத்தில் பாஸ்டரின் பிரசங்கம் ஒன்றை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அவர் குரல் வரும், தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிற்பது வரும். வார்த்தைகள் மட்டும் அச்சடித்தபடி வரும். பதிப்பக ஆபீசில் யாரோ திருத்திய வாக்கியங்கள், யாரோ சேர்த்த அடைமொழிகள். எது அவர் சொன்னது, எது அவர்கள் போட்டது என்று பிரிக்கப் பிரிக்க இன்னும் சிக்கலாகியது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் மனது தாங்காமல் நாத்தனாரிடமே கேட்டாள். "பாப்பா போன வாரம் அவர் சபையில பேசினாரே. கடைசியில என்ன சொல்லி முடிச்சார்? உனக்கு ஞாபகம் இருக்கா?"

நாத்தனார் மெஷினை நிறுத்தவில்லை.

"புத்தகத்துல இருக்கே அண்ணி" என்றாள். "எடுத்துப் படிங்க."