அன்னாள் வீட்டு ஏரி

சிக்குன்குனியா வந்து விருத்தாசலமே நொண்டி நடந்த 2006ஆம் வருஷம், அன்னாள் வீட்டு வாசலில் இருந்த செடிக்குள் மட்டும் தினமும் சாயங்காலம் மழை பெய்தது. தெருவில் பொட்டுத் தூறல் கிடையாது. கேரளாவுக்குப் பீங்கான் லோடு ஏற்றிப்போன அவள் புருஷன் ஜூடு, அமேசான் காட்டுச் செடி என்று யாரோ கொடுத்ததை லாரியில் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். பார்த்தால் அன்னாசிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும். நடு இலைகள் கூடும் குழியில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றது. அதில் முதுகில் குஞ்சைச் சுமந்த நகத்தளவு தவளைகள், மிளகளவு நண்டுகள், அவற்றுக்கென்று ஒரு சின்ன மேகம்.

மழைக்குக் காரணம் அன்னாளின் கைதான். பீங்கான் கம்பெனிச் சூளையிலிருந்து இறங்கும் ஃபியூஸ் கட்டைகளை மடக்கிய விரலால் தட்டிப் பார்ப்பது அவள் வேலை. நங்கென்றால் நல்லது, டொக்கென்றால் உள்ளே விரிசல். அந்தப் பழக்கம் சோற்றுத் தட்டு வரை வந்துவிட்டது. வேலை விட்டு வந்ததும் செடியிருந்த பீங்கான் தொட்டியையும் தட்டுவாள். உள்ளே இருந்தவர்கள் அதை இடி என்று எடுத்துக்கொண்டார்கள். தவளை கத்தும், மேகம் கறுக்கும், மழை இறங்கும். காத்திருக்கும் ஜீவன்களை ஏமாற்ற மனசு வராமல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தும் தட்டினாள். வானத்து வேலையை நம்மை நம்பி யார் கொடுப்பார்கள் என்று அவளுக்குப் பெருமைதான்.

நகராட்சியிலிருந்து கொசு ஒழிக்க வந்த சாமிதுரை, தெருவில் டயர், கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு இந்தச் செடியிடம் வந்தார்.

"நல்ல தண்ணியிலதாம்மா அந்தக் கொசு முட்ட வைக்குது. கவுத்துடுங்க."

"உள்ள குஞ்சுங்க இருக்குது சார்." அன்னாள் தொட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"தெருவே படுத்துக்கெடக்குது. தவளையா முக்கியம்?"

நியாயம்தான். ஜூடுவே முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாயில் கிடந்தார். கடைசியாக ஒருமுறை தொட்டியைத் தட்டிவிட்டு, அழுதபடி அவள் விலகி நின்றாள்.

சாமிதுரை சாய்த்தார். தண்ணீர் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. பெண்கள் குடம் குடமாகப் பிடித்துப்போனார்கள். கை கடுத்துப்போய் அவர் உள்ளே குனிந்து பார்த்தார். மழை பிடித்துப் பெய்துகொண்டிருந்தது, அக்கரை தெரியவில்லை. முட்டை வைக்க வந்த கொசுக்களைத் தவளைகள் உட்காரவிடாமல் நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டிருந்தன.

தொட்டியை மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

"குட்டயத்தான் கவுக்கச் சொல்லியிருக்காங்க. ஏரிய ஒண்ணும் சொல்லல."

வீடு வீடாகப் பார்த்த தேதி எழுதும் சாக்பீஸால் சுவரில் 'ஏரி' என்று எழுதினார். அன்னாள் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரமும் வந்தார்.

"பெஞ்சுதாம்மா?"

"பெஞ்சுதுங்க."

சரியென்று பக்கத்து வீட்டு டயரைக் கவிழ்க்கப் போனார்.