கூட்டுக்குள் யார்?

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தங்கை போட்ட அலறலில் அதுவாகவே வந்து தலையில் விழுந்தது. அவள் வீடு அடுத்த கதவு. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு ஓடினேன்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: ‘அது ஓர் அமைதியான காலை…’ அலறலைக் கேட்டவன் எழுதுகிற வரியா இது? அடித்துவிட்டேன்.

அடுத்தது: ‘தன் விதி அறியாமல் இலையைத் தின்றுகொண்டிருந்த அந்தப் புழு…’ வேண்டாம். அதன் விதி எங்களில் யாருக்குத் தெரிந்திருந்தது?

ஜாம் பாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன்.

2

அந்தப் பாட்டிலைப் புழு வளர்க்கும் கூண்டாக்கியவர் தங்கையின் கணவர். எலக்ட்ரீஷியன். எதையும் தூக்கிப் போட மனம் வராதவர். மகளுக்கு ஆறு வயது. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால் எங்களுக்கு அவள் மிளகு.

எலுமிச்சைச் செடியில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்தவள், வளர்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தாள். அப்பாவும் மகளும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். காலி ஜாம் பாட்டில். மூடிக்குப் பதில் கிழிந்த கொசுவலைத் துண்டு, அதை இறுக்க ரப்பர் பேண்டு. உள்ளே இருமல் மருந்துக் குப்பியில் தண்ணீர், அதில் எலுமிச்சைக் கொப்பு. புழு விழுந்து மூழ்காமலிருக்கக் குப்பியின் வாயில் பஞ்சு. கிட்டத்தில் பார்க்க, உடைந்த மூக்குக்கண்ணாடியின் ஒற்றை லென்ஸ். விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்கக் கறுப்பு டேப்.

“ஏங்க, பேசாம கடையில ஒரு பெட்டி வாங்கிடலாம்ல?” என்றாள் தங்கை.

“கடைப் பெட்டியில வளந்தா அது கடைக்காரன் புழு. இதுதான் எங்க புழு.”

(அன்றைக்கு இதற்குச் சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.)

சில நாளில், ஒரு கடையின் மின்பெட்டியைத் திறந்தபோது தீ வெடித்து அவர்மேல் பாய்ந்தது. முகம், கழுத்து, இரண்டு கைகள்.

3

குழந்தையை மருத்துவமனைக்குள் விடவில்லை. வீட்டிலோ, புழு சாப்பாட்டை நிறுத்தி, குச்சியில் தன்னை இழையால் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது.

“அப்பா எப்பம்மா வருவாரு?”

தங்கை பாட்டிலைக் கையில் எடுத்தாள். “இது மாதிரிதான் கண்ணு. அப்பாவையும் வெள்ளையா சுத்தி வெச்சிருக்காங்க. கூடு திறந்ததும் வந்துடுவாரு.”

எழுதுகிறவன் நான், உவமை வந்தது அவளுக்கு. பொறாமையாக இருந்தது. மிளகு அதற்குப் பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாட்டிலின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடும் அங்கேதான்.

4

இனி அந்த அலறல்.

நான் நுழைந்தபோது தங்கை சுவரோடு ஒட்டி நின்றாள். கூட்டின் பக்கவாட்டில் ஊசியால் குத்தியதுபோல ஒரு துளை. அதிலிருந்து ஒன்று வந்தது. கடுகளவுகூட இல்லை, சிறகு மட்டும் மினுங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு கொத்தாக. குட்டிக் குட்டிக் குளவிகள், வலைக்கண் வழியே வெளியேறி மேசைமீது, பால் தம்ளர்மீது, மிளகின் புறங்கையில் ஊர்ந்தன. கூடு அசையவே இல்லை. உள்ளே வெறும் ஓடு.*

மிளகு அழவில்லை. கையை உதறவும் இல்லை. அவள் முகத்தில் இருந்ததை எழுத நான்கு முறை முயன்றேன். ‘வெளிறிய’… இல்லை. ‘கல்லாகிப்போன’… அதுவும் இல்லை. விட்டுவிட்டேன்.

“மாமா,” என்றாள். “அப்பாவுக்குள்ளயும் இது இருக்கா?”

வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டேன்.

* பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டது: கூடு இளசாக இருக்கும்போதே தாய்க்குளவி அதற்குள் முட்டையிட்டுவிடும். குஞ்சுகள் உள்ளே இருப்பதைத் தின்று வளரும். அவ்வளவு சின்னக் குளவிக்குக் கொசுவலை ஒரு தடையே இல்லை. தங்கை இதைக் கேட்டுவிட்டு, “நிறுத்துண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

5

முதல் வரைவில் இங்கே தங்கை மகளை அணைத்துக்கொண்டு ஏதோ நல்ல வார்த்தை சொல்கிறாள். அது பொய். நடந்தது இதுதான்: குழந்தை சாப்பிட மறுத்தாள், யாரையும் தொடவிடவில்லை, “அப்பாவ திறக்காதீங்க, திறக்காதீங்க” என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள். தங்கை அவளைத் தூக்கிக்கொண்டு, கலைந்த தலையும் வீட்டுச் செருப்புமாக மருத்துவமனைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். வார்டு வாசலில் நர்ஸ் மறித்தார்.

“சின்னப் பிள்ளைங்க வரக் கூடாதும்மா. பயந்துடும்.”

“இதுக்கு மேல பயப்பட அவகிட்ட ஒண்ணும் மிச்சமில்ல சிஸ்டர்.”

நர்ஸ் குழந்தையைப் பார்த்தார். ஒதுங்கி வழிவிட்டார்.

கட்டிலில் இருந்தவரிடம் தெரிந்தது ஒரு கண்ணும் உதடும்தான். மிளகு கிட்டே போகவில்லை. கால்மாட்டில் நின்றே கேட்டாள்:

“உள்ள யாரு?”

“அப்பாதான்டா.” குரல் சருகாக இருந்தது.

“கட்டு பிரிச்சா நீதான் வருவியா?”

நான் எழுதியிருந்தால் ‘ஆமாம்’ என்று சொல்ல வைத்திருப்பேன். தங்கையும் அதைத்தான் எதிர்பார்த்தாள்; கட்டில் கம்பியை இறுகப் பிடித்தபடி கணவரையே பார்த்தாள். அவர் அந்த ஒற்றைக் கண்ணை மகள் பக்கம் திருப்பினார்.

“முகம் எப்படி வரும்னு தெரியல கண்ணு. நானே இன்னும் பாக்கல. எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு குழந்தையிடம் சொல்கிற பேச்சா இது? தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். மிளகு மட்டும் யோசித்தாள். யோசித்துக்கொண்டே கட்டிலின் பக்கவாட்டுக்கு நகர்ந்தாள்.

“அப்ப ரெண்டு பேரும் சேந்து பாப்போம்,” என்றாள்.

6

அவர் கட்டுகளை நாளைக் காலை பிரிக்கிறார்கள்.

ஒரு முடிவில், தங்கை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் போகிறாள். இன்னொன்றில், கதவு திறக்கிறது, குழந்தை ‘அப்பா’ என்று ஓடி…

இல்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன். தங்கையிடம் கேட்டால், “எனக்குத் தெரியலண்ணா. நீ எழுதுறவன்தானே, நீயே சொல்லு” என்கிறாள். என்னால் முடியவில்லை. அதனால் உங்களைக் கூப்பிடுகிறேன்.

வராந்தாவில் நிற்கிறீர்கள். மிளகின் கை உங்கள் கைக்குள், லேசாக வியர்த்திருக்கிறது. உள்ளே கத்தரிக்கோல் சத்தம் நின்றுவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, “வரலாம்” என்கிறார். குழந்தை உங்களை இழுக்கிறாள்.