கேப்டன் வீட்டு ஃபியூஸ்

அறுவை அறைக்கென்று வந்த புதுக் கேபிளைக் கேப்டனின் குளியலறைக்கு இழுத்தவன் நான்தான். இந்தக் கையால்தான் இழுத்தேன்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். பத்து பாகாட் ஊர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் வயர்மேன். உளுத்துப்போன பழைய வயரை, ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியை மூடாமல், வார்டு வார்டாக மாற்றிக்கொண்டு வந்தோம். அறுவை அறை மட்டும் பாக்கி. அப்போது பார்த்துத்தான் பின்பக்கத்து பங்களாவில் இருந்த ஜப்பான் கேப்டனுக்குக் குளிக்க வெந்நீர் வேண்டியிருந்தது.

"கேபிள அங்க இழுத்துடு லா, அய்யாவு. தலை போனா உனக்கு மட்டுமில்ல, எனக்குந்தான்" என்றார் ஆஸ்பத்திரி ஆபீஸில் கணக்கு எழுதும் தலைமைக் கிராணி மணியம்.

இழுத்தேன். கேப்டன் வெந்நீருக்கு மின் அடுப்பைப் போட்டால் போதும், பழைய வயரிலேயே நின்ற அறுவை அறை விளக்கு சிவந்து மங்கிவிடும்.

மறுநாள் சாயங்காலம் ரப்பர் தோட்டத்திலிருந்து வெள்ளையம்மா என்கிற பிள்ளைத்தாச்சியை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. வயிற்றை அறுத்தால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்றார் டாக்டர். கத்தி வைத்த நேரம் பார்த்து விளக்கு மங்கியது. நர்ஸ் புஷ்பவள்ளி ஓடி வந்தாள்.

"அண்ணே, உள்ள ஒண்ணும் தெரியல! ஏதாச்சும் செய்ங்க!"

பங்களா ஃபியூஸைப் பிடுங்கினேன். அறுவை அறை விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிடுங்கியவன் அதைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவன்தான் திரும்பப் போட வேண்டும். அது எங்கள் தொழில் வழக்கம். இருபது வருஷத்தில் முதன்முறையாக மீறினேன். புஷ்பவள்ளி கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டேன். வேறு ஃபியூஸ் ஊரிலேயே கிடையாது.

கேப்டன் இடுப்புத் துண்டோடு வந்தான். "பக்கேரோ!" என்று அவன் பாஷையில் முட்டாள் என்று திட்டி, என் கன்னத்தில் அறைந்தான்.

"சட்டப் பையில பாருங்க, துவான். இவனுங்க பழக்கம் அது" என்று மலாயில் காட்டிக்கொடுத்தார் மணியம். என்னோடு மரவள்ளிக் கிழங்கைப் பங்கு போட்டுத் தின்ற மனுஷன்!

பை காலி. எங்கே, எங்கே என்று கேட்டான். ஒவ்வொரு "தெரியாது"க்கும் ஓர் அடி. இரண்டு பல் போனது. உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. அப்போதும் "தெரியாது" என்றேன். தையல் போடவும் வெளிச்சம் வேண்டுமே.

கடைசியில் புஷ்பவள்ளி ரத்தத் துணி வாளியோடு வெளியே வந்தாள். கேப்டன் முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொண்டான். சீனா யுத்தத்தில் எத்தனை ரத்தம் பார்த்தவனோ, பிரசவ ரத்தம் அவனுக்கு ஆகவில்லை. துணிக்கு அடியிலிருந்து ஃபியூஸ் என் கைக்கு வந்தது.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்கண்ணே."

"கெடச்சிருச்சு, துவான்" என்றேன். வாயில் ரத்தம். நானே போய்ப் போட்டேன்.

கேப்டன் அன்றைக்கும் வெந்நீரில்தான் குளித்தான். உலர்ந்த துண்டை எடுத்துக்கொண்டு மணியம் பின்னாலேயே போனார்.