ஆடும் மேஜைக்கு ஓர் ஆப்பு

ஆடும் மேஜைக் காலுக்கு அடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு. என் வீட்டுக்காரரின் புதுக் கண்டுபிடிப்பு அதுதான். அதை வரைய எந்த டிசைன் சாஃப்ட்வேர் நல்லது என்று மூன்று மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தை ஒப்பிட்டு எட்டுப் பக்க அட்டவணை வேறு போட்டிருந்தார். எதில் வரைந்தாலும் மவுஸ் நழுவி, கோடு எங்கோ போய் முடிந்தது.

"எல்லாமே குப்பை!" என்று கத்தினார்.

"மேஜை ஆடுதுங்க."

"உனக்கென்ன தெரியும்? சும்மா இரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டவணையை நாலாக மடித்து மேஜைக் காலுக்கு அடியில் செருகினேன். அடுத்த கோடு சொன்ன இடத்தில் போய் நின்றது.

அவர் முகமெல்லாம் பல்.

"பாத்தியா, இந்த சாஃப்ட்வேர்தான் சரி! அந்த அட்டவணை எங்க? இதுக்குத்தான் முதல் மார்க் போடணும்."